மேசையில் இருக்கும் சாவி

கேள்வி: திருப்பூரில் 22 மெஷின்களுடன் ஜாப் ஒர்க், அதாவது மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துத் தரும் பனியன் கம்பெனி நடத்துகிறேன். அப்பாவும் அம்மாவும் வீட்டுத் திண்ணையில் 2 மெஷின் போட்டுத் தொடங்கியது. தீபாவளிக்குப் போன டெய்லர்களில் 6 பெண்கள் திரும்பவில்லை. பக்கத்துத் தெருவில் சேர்ந்துவிட்டார்கள். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிறோம், பாட்டுப் போடுகிறோம். கழிவறைச் சாவியை என் மேசையில் வைத்த பிறகு நேர விரயமும் குறைந்தது. போட்டியில் நிற்க இன்னும் எதை மாற்றுவது?

பதில்: கேக்கையும் பாட்டையும் விடுங்கள், தம்பி. அந்தச் சாவியைப் பற்றிப் பேசுவோம்.

துணியை இணைத்துத் தைக்கும் ஓவர்லாக் மெஷினை நிறுத்திவிட்டு ஒரு பெண் எழுந்து வருகிறார். கட்டிங் மாஸ்டரும் அயர்ன் போடும் பையன்களும் பார்த்திருக்க, உங்கள் முன் நின்று கை நீட்டுகிறார். எதற்கென்று அந்தக் கூடத்துக்கே தெரியும். நீங்கள் போனில் இருந்தால் பேசி முடிக்கும்வரை நிற்க வேண்டும். இதற்குக் கூசியே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து, நீர்க்கடுப்போடு வீடு போகும் பெண்கள் எனக்கு எழுதியிருக்கிறார்கள். விரயம் குறைந்தது என்கிறீர்களே, அது இப்படித்தான் குறைந்திருக்கும்.

பீஸ் ரேட்டில், அதாவது ஒரு பீஸுக்கு இவ்வளவு என்ற கூலியில் தைப்பவர் ஐந்து நிமிடம் எழுந்துபோனால் குறைவது அவருடைய கூலி. நீங்கள் யாருடைய நேரத்துக்குக் காவல் இருக்கிறீர்கள்? வேலை நேரம் முழுவதும் கழிவறை தொழிலாளர் கைக்கு எட்ட வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே எழுதி வைத்தது. சட்டத்தை விடுங்கள். திண்ணையில் தைத்த காலத்தில் உங்கள் அம்மா யாரிடம் சாவி கேட்டார்? அந்தக் காசில் வளர்ந்த பிள்ளை செய்கிற காரியமா இது? உங்கள் வீட்டில் உலை வைக்க உழைக்கிறவர்கள் உங்கள் வீட்டுப் பெண்கள்தான். எனக்கு இதில் இரண்டாவது கருத்தே கிடையாது.

திருப்பூரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ‘டெய்லர் தேவை’ அட்டை தொங்குகிறது. சனிக்கிழமை கூலி வாங்கியவர் திங்கட்கிழமை வேறு கம்பெனியில் உட்காரலாம். ஓவர்லாக் ஆள் போனால் அதன் பின்னால் மடிப்புத் தைக்கும் பேட்லாக், செக்கிங், பேக்கிங் எல்லாம் காத்துக் கிடக்கும். ஷிப்மெண்ட் தேதி காத்திருக்காது.

இன்றே பூட்டைக் கழற்றி, உள்பக்கம் நல்ல தாழ்ப்பாள் போடுங்கள். குழாயில் தண்ணீர் வரட்டும். மூடி போட்ட குப்பைக்கூடை ஒன்று உள்ளே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு அந்த 6 பேர் வீட்டுக்கும் நேரில் போங்கள். கூலிப் பேச்சை எடுக்கும் முன் சாவி விஷயத்துக்கு மன்னிப்புக் கேளுங்கள். மற்றதை அம்மா பேசுவார்.