ஓடுகளைப் பிரிக்கும் முன் தண்ணீர் வந்த வழியைத் தேடுங்கள்

கேள்வி: எங்கள் பழைய வீட்டின் ஓட்டுக்கூரை ஒரு மூலையில் தொய்ந்துவிட்டது. முகட்டிலிருந்து சுவர் வரை சாய்வாக இறங்கும் கைமரங்களில் மூன்றின் அடிமுனை விரலால் அழுத்தினாலே அமுங்குகிறது. ஓடுகளை மொத்தமாக இறக்கிவிட்டு, நானும் தம்பியும் நாங்களாகவே மரங்களை மாற்றலாமா?

பதில்: மாற்றலாம். மொத்தமாக மட்டும் இறக்காதீர்கள். அடிமுனை மட்டும் இற்றிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் விஷயம் இருக்கிறது. மரம் வயதானதால் மக்குவதில்லை. அதில் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் நெடுநாள் நீடித்தால்தான் பூஞ்சை பிடிக்கும். அந்த ஈரம் எப்படி வந்தது? மேலே விரிசல் விட்ட ஓடா, இரு கூரைச் சரிவுகள் கூடும் கூடல்வாயில் துருப்பிடித்த தகடா, சுவரா?

எங்கள் வீட்டில் நான் சுவரைச் சந்தேகிக்கவில்லை. இரண்டு கைமரங்களை அறுத்தெடுத்துவிட்டுப் புதிய மரம் போட்டேன். முனையைச் சுற்றிச் சிமெண்டுக் கலவையை நன்றாக அடைத்துப் பூசினேன். ஆறாவது மழைக்காலத்தில் அதே இடம், அதே வாடை. சுவர் உறிஞ்சிய நீர் வெளியேற வழியின்றி மரத்துக்குள் இறங்கியிருந்தது. மறுமுறை கலவையைக் கொத்தி எடுத்தேன். முனையைச் சுற்றி ஒரு விரல் அகலம் காற்றுக்கு இடம் விட்டேன். மரத்தின் அடியில் ஈரம் ஏறாத தார்த்தாள் வைத்தேன். அறுத்த முகத்தில் மரக்காப்பு மருந்தை மூன்று முறை தடவினேன். அந்த முகம்தான் மற்ற பக்கங்களைவிட வேகமாக நீரை இழுக்கும். பலரும் அதைத்தான் தடவாமல் விட்டுவிடுகிறார்கள்.

இனி உங்கள் கூரை. திருப்புளியால் ஒவ்வொரு கைமரத்தையும் குத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்த்து நிற்கும், இற்ற மரம் உள்ளே வாங்கும். ஓடுகளைத் தாங்கும் ரீப்பர் சட்டங்கள் உட்காரும் மேல்முகத்தை விட்டுவிடாதீர்கள், கீழிருந்து பார்த்தால் அது தெரியாது. நல்ல மரம் தென்பட்ட பிறகும் 30 செ.மீ. தள்ளியே அறுங்கள். மீதி மரம் வைரம் பாய்ந்ததாக இருந்தால் தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள். முகட்டிலிருந்து சுவர் வரை முழு நீளத்துக்குத் துணைமரம் ஒன்றை ஒட்டவைத்து போல்ட்டால் இறுக்கினால் பழையது இன்னும் பல்லாண்டு நிற்கும். துணைமரம் நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும். பச்சை மரம் காயும்போது முறுக்கிக்கொண்டு ஓடுகளைத் தூக்கிவிடும்.

கைமரங்கள் இணையிணையாக முகட்டில் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. ஒரு சரிவை வெறுமையாக்கினால் மறு சரிவின் பாரம் முகட்டைத் தள்ளும். ஆகவே இரு பக்கமும் எதிரெதிராக, இரண்டு மூன்று கைமர அகலத்துக்கு மட்டும் ஓடுகளை இறக்குங்கள். அறுக்கும் முன் குறுக்கே ஒரு சட்டம் கொடுத்து, அதன் கீழ் முட்டுகளை நிறுத்துங்கள். முட்டின் கால் கனமான பலகையின் மேல் நிற்கட்டும். சுவர்கள் வெளியே பிளக்காமல் பிடித்திருக்கும் குறுக்கு உத்திரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அதுவோ முகட்டு மரமோ இற்றிருந்தால் பொறியாளர் ஒருவர் வந்து பார்க்கும்வரை வேலையை நிறுத்துங்கள். இதை உங்கள் இருவரிடமும் கெஞ்சியே கேட்கிறேன்.

கேள்வி: பக்கத்துக் கொட்டகையில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடுகள் இருக்கின்றன. அவற்றையும் உடைத்து இறக்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். உடைத்தாலும் அறுத்தாலும் துளையிட்டாலும் அதிலிருந்து பறக்கும் நுண்ணிய நார் நுரையீரலில் தங்கிவிடும்; பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படக்கூடும். துணியால் மூக்கைக் கட்டிக்கொள்வது அதைத் தடுக்காது. பயிற்சி பெற்றவர்களை அழையுங்கள். அவர்கள் வரும்வரை அந்தத் தகட்டின்மேல் தம்பியை ஏற விடாதீர்கள். பழைய தகடு ஆளின் எடை தாங்காமல் சட்டென்று உடைந்துவிடும்.