கணவர் மஸ்கட்டில், நான் மணப்பாறையில்: வீடியோவில் மனநல ஆலோசனை பெறலாமா?

கேள்வி: எனக்கு வயது 37. கணவர் மஸ்கட்டில் வேலை செய்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். மகன் ஒன்பதாம் வகுப்பு, மகள் ஒன்றாம் வகுப்பு. பக்கவாதம் வந்து படுத்திருக்கும் மாமியாரையும் நான்தான் கவனிக்கிறேன். சில மாதங்களாகச் சரியான தூக்கமில்லை, படபடப்பாக இருக்கிறது, சின்ன விஷயத்துக்கும் கத்திவிடுகிறேன். போன வாரம் செல்போனைக் கீழே வைக்கவில்லை என்று மகனைக் கரண்டியால் அடித்துவிட்டேன். அன்றிலிருந்து அவன் என்னுடன் பேசுவதில்லை. திருச்சிக்குப் போய் மருத்துவரைப் பார்த்துவர ஒரு பகல் ஆகும். மாமியாரை விட்டுப் போக ஆளில்லை. ஆன்லைன் கவுன்சலிங் போகச் சொல்கிறார் என் நாத்தனார். அதில் உண்மையிலேயே பலன் உண்டா? நான் சொல்வது வெளியே போய்விடாதா? மாத்திரையில் கொண்டுபோய் விட்டுவிடுவார்களா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மணப்பாறை

பதில்: பலன் உண்டு. மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கு அளிக்கப்படும் பேச்சு சிகிச்சையில் மருத்துவருடைய கருவி பேச்சும் கவனிப்பும்தான் என்பதால், வீடியோ வழியாகச் செய்யும்போதும் நேரில் செய்வதற்கு ஏறக்குறைய இணையான முன்னேற்றம் கிடைப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிள்ளைகளைக் கையாள்வது குறித்துப் பெற்றோருக்கு அளிக்கப்படும் பயிற்சிகளும் இணையவழியில் நன்றாகவே நடக்கின்றன. உங்கள் குடும்பத்துக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது: நேரில் போனால் உங்கள் கணவர் அந்த அறையில் இருக்க முடியாது, வீடியோவில் இருக்கலாம்.

இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். வெளிநாட்டில் கணவர் இருக்கும் குடும்பங்களில் தினமும் போன் பேச்சு நடக்கும், ஆனால் "சாப்பிட்டீங்களா, பசங்க படிக்கிறாங்களா, அம்மா எப்படி இருக்காங்க" என்பதற்குமேல் அது நகர்வதில்லை. தூரத்தில் இருப்பவரைக் கவலைப்பட வைக்கக் கூடாது என்று மனைவி மறைப்பார். வீட்டில் தனியாகப் போராடுபவரிடம் தன் கஷ்டத்தையும் ஏன் சொல்ல வேண்டும் என்று கணவரும் மறைப்பார். இரவு இரண்டு மணிக்கு மாமியாரைப் புரட்டிப் படுக்கவைத்து, படுக்கை விரிப்பை மாற்றி, ஐந்து மணிக்கு மறுபடி எழுந்து டிபன் பாக்ஸ் கட்டும் ஒரு நாளை, மூன்றாவது மனிதர் ஒருவர் முன்னிலையில் முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம்வரை விவரிக்கும்போதுதான் பல கணவர்கள் அதை முதன்முறையாகக் கேட்கிறார்கள். ஓமானில் வெள்ளியும் சனியும் விடுமுறை, நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். சனிக்கிழமை ஒன்றை அவருடன் சேர்ந்த அமர்வுக்கு ஒதுக்கலாம். மாமியாரைக் கவனிக்கப் பகலில் சில மணி நேரம் ஒரு உதவியாளரை அமர்த்துவது போன்ற முடிவுகளை அவர் இல்லாமல் உங்களால் எடுக்க முடியாது அல்லவா?

ஆலோசனை தொடங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உங்கள் வயதில் தூக்கமின்மை, படபடப்பு, எரிச்சல் மூன்றும் சேர்ந்து வந்தால் தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் இருக்கின்றனவா என்று பார்க்காமல் எல்லாவற்றையும் மனத்தின் தலையில் போடுவது தவறு. மணப்பாறையிலேயே இதைச் செய்துகொள்ளலாம்.

அடுத்தது, வீட்டில் எங்கே உட்கார்ந்து பேசுவது என்ற கேள்வி. இணையவழி ஆலோசனை பாதியில் நிற்பதற்கு நான் பார்த்த காரணங்களில் பெரியது சிக்னலோ கட்டணமோ அல்ல, தனியிடம் இல்லாததுதான். ஒரு தாய் மூன்று வாரமாக "எல்லாம் பரவாயில்லை டாக்டர்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் உட்கார்ந்திருந்த கட்டிலுக்குப் பின்னால், கேமராவில் தெரியாத இடத்தில் மாமனார் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான்காவது வாரம் மொட்டைமாடிப் படிக்கட்டில் இயர்போனுடன் உட்கார்ந்தார், அன்றுதான் பேசினார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு இடத்தைத் தேடிவையுங்கள். அறைக்குள் பேசினால் கதவுக்கு வெளியே டிவி ஓடட்டும். யாராவது உள்ளே வந்தால் பேச்சை மாற்ற ஆலோசகருடன் ஒரு சொல்லை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் பேசுகிறீர்கள் என்பதில் கண்டிப்பாக இருங்கள். மனநல மருத்துவர் என்றால் அவருக்கு மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கும். 2020 மார்ச்சில் வெளியான தொலை மருத்துவ நெறிமுறைகள் அந்த எண்ணை நோயாளிக்குத் தெரியும்படி காட்டச் சொல்கின்றன. மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். கவுன்சலர் என்ற பெயரைப் போட்டுக்கொள்பவர் எல்லோரும் இந்தப் படிப்பைப் படித்தவர்கள் அல்லர். தகுதியைக் கேட்டால் கோபப்படுபவரிடம் உங்கள் குடும்பக் கதையைச் சொல்லாதீர்கள்.

நீங்கள் சொல்வது வெளியே போகக் கூடாது என்பது உங்கள் சட்ட உரிமை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அதை உறுதிசெய்கிறது. உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அமர்வு பதிவு செய்யப்படுகிறதா என்று முதல் நாளே கேளுங்கள். மாத்திரையைப் பற்றிய பயம் வேண்டாம். உளவியலாளர் மருந்து எழுத முடியாது, மனநல மருத்துவரும் தேவைப்பட்டால்தான் எழுதுவார். பலருக்கு வாரம் ஒருமுறை, முக்கால் மணி நேரம் என்று எட்டு முதல் பன்னிரண்டு அமர்வுகளில் நல்ல மாற்றம் தெரிகிறது.

உங்கள் மகனைப் பற்றி. அவன் பேசுவதற்காகக் காத்திருக்காமல் நீங்கள் முதலில் போங்கள். "அன்னைக்கு நான் அடிச்சது தப்புப்பா. போனைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம், ஆனா அடிச்சிருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்; உடனே பதில் எதிர்பார்க்காதீர்கள், "ஆனா நீயும்..." என்று ஆரம்பிக்காதீர்கள். அவனுக்கும் தனியாக ஓர் அமர்வு தேவைப்படலாம். இந்த வயதுப் பிள்ளைகள் பலர் கேமராவை அணைத்துவிட்டுப் பேசுவதை எளிதாக உணர்கிறார்கள், அதை நல்ல ஆலோசகர் அனுமதிப்பார். நீங்கள் அடித்ததை எழுதும்போது உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. அதை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி.

வீடியோ மட்டும் போதாத நிலைகளும் உண்டு. வாழப் பிடிக்கவில்லை, செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தாலும், பிள்ளைகளை மோசமாகக் காயப்படுத்திவிடுவோமோ என்ற பயம் வந்தாலும், யாருமற்ற குரல்கள் காதில் கேட்டாலும் அடுத்த அமர்வுவரை பொறுத்திருக்காமல் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு நேரில் செல்ல வேண்டும். அந்த நேரத்தில் மாமியாரை யாரிடம் விடுவது என்பதை இப்போதே பக்கத்து வீட்டில் பேசிவையுங்கள். நள்ளிரவில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் சேவை அது. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். பணம் கட்டி ஆலோசகரை அமர்த்தும் முன், இந்த வாரமே அந்த எண்ணில் ஒருமுறை பேசிப் பார்ப்பதும் நல்ல தொடக்கம்தான்.

அமர்வுக்கு நேரம் கேட்கும்போது, பிள்ளைகள் பள்ளியிலும் மாமியார் மதிய உறக்கத்திலும் இருக்கும் இரண்டு மணியைக் கேளுங்கள். அந்த நேரத்தில் துவைக்கும் துணி ஒருநாள் கிடக்கட்டும்.