மாட்டின் மடிநோய்க்குக் கிராம்பு எண்ணெய், ஓம எண்ணெய் தடவினால் குணமாகுமா? ஆன்டிபயாடிக் ஊசியைத் தவிர்க்க முடியுமா?

கேள்வியை இரவு 11 மணிக்குப் போட்டிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் யாரும் பொழுதுபோக்குக்காக மடிநோயைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். உங்கள் கட்டுத்தரையில் ஒரு மாடு மடி கல்லாகி நிற்கிறது, கையில் எண்ணெய் பாட்டில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் முதலில் பாட்டிலை மூடி வையுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

நான் பெருந்துறைப் பக்கம். 6 கறவை மாடுகள். 18 வருடமாகக் காலை நாலரைக்கு எழுந்து கறக்கிறவள். கால்நடை மருத்துவம் படித்தவள் இல்லை. "நீ யார் சொல்வதற்கு?" என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நான் சொல்வது என் மாட்டுக்கு நடந்ததை. அதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

2019 ஐப்பசி. விடாத மழை, கட்டுத்தரை முழுக்கச் சேறு. எங்கள் செவலை ஜெர்சி கலப்பு, மூன்றாம் ஈத்து, கன்று போட்டு 12-ஆம் நாள். வலது பின்காம்பில் முதல் பீச்சில் தயிர்த் திப்பி மாதிரி வந்தது. அத்தை மடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கண்ணு, சூடா இருக்குது. டாக்டருக்குச் சொல்லியுடு" என்றார். நான் சொல்லவில்லை. அதற்கு முந்தைய வருடம் இன்னொரு மாட்டுக்கு ஊசி போட்டு, நாள் கணக்கில் பாலைக் கீழே ஊற்றியிருந்தேன். மருந்துச் செலவு ஒரு பக்கம், பால் சொசைட்டியில் ஊற்ற முடியாத பால் ஒரு பக்கம். அந்தப் பயம் எனக்குள் இருந்தது.

அன்று ராத்திரி போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஆய்வுக்கூடத் தட்டு ஒன்றில் கிருமியை வளர்த்து, நடுவில் கிராம்பு எண்ணெயில் நனைத்த காகித வில்லையை வைத்திருந்தார்கள். வில்லையைச் சுற்றிக் கிருமியே இல்லாமல் ஒரு வட்டம் பளிச்சென்று தெரிந்தது. அந்த வட்டம்தான் என்னை நம்ப வைத்தது. நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வைத்திருந்த கிராம்பு எண்ணெயை எதிலும் கலக்காமல் அப்படியே காம்பிலும் மடியிலும் தேய்த்தேன். பல்வலிக்கு வைக்கிற எண்ணெய்தானே, மாட்டை என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். காலையில் இன்னொரு தடவை.

அன்று சாயங்காலமே காம்புத் தோல் சிவந்துவிட்டது. மறுநாள் உரிய ஆரம்பித்தது. அதுவரை காலைத் தூக்கி அறியாத மாடு, கிட்டப் போனாலே உதைத்தது. அந்தக் காம்பைக் கறக்கவே முடியவில்லை. கெடுதல் அங்கேதான் நடந்தது. கறக்காத பால் உள்ளேயே தேங்கியது, தேங்கிய பாலில் கிருமி பெருகியது. மூன்றாம் நாள் காய்ச்சல், தீவனத்தில் வாயே வைக்கவில்லை, பால் ரத்தம் கலந்த தண்ணீராக வந்தது. டாக்டர் வந்து குனிந்ததும், "என்னம்மா தடவுனீங்க? வாசனை தூக்குதே" என்றார். பாலை எடுத்து ஆய்வுக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திருக்காமல் ஊசியை ஆரம்பித்தார். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்கிற கிருமி என்று ஆய்வு முடிவு வந்தது. மாடு பிழைத்தது. அந்தக் காம்பு பிழைக்கவில்லை. சுருங்கிப் போய், அடுத்த ஈத்திலும் பால் இறங்கவில்லை. மூன்று காம்பு மாட்டுக்குச் சந்தையில் என்ன விலை சொல்வார்கள் என்று மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அத்தை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

என் அண்ணன் மகள் நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்தாள். லீவில் வந்தபோது அவளிடம் கேட்டேன், அந்த வட்டம் பொய்யா என்று. "பொய் இல்லைங்க அத்தை. தட்டுல கொழுப்பு இல்லை, பால்ல இருக்குது" என்றாள். அப்புறம் உட்கார வைத்து விளக்கினாள்.

கிராம்பில் யூஜினால், ஓமத்தில் தைமால், கற்பூரவல்லியில் கார்வக்ரால், எலுமிச்சைப்புல்லில் சிட்ரால் என்று ஒவ்வொன்றிலும் ஒரு பொருள் இருக்கிறது. இவை எண்ணெய்த் தன்மை உள்ளவை. கிருமியின் மேல்சவ்வும் கொழுப்பால் ஆனதுதான். அதனால் இவை அந்தச் சவ்வுக்குள் புகுந்து ஓட்டை போடுகின்றன, உள்ளே இருப்பது வெளியே கசிந்து கிருமி சாகிறது. ஸ்டெஃபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளில் இது நன்றாக வேலை செய்யும். ஈ.கோலை மாதிரியானவற்றுக்குச் சவ்வுக்கு மேலே இன்னொரு வெளிச்சவ்வு இருப்பதால் பொதுவாக அவ்வளவு சுலபமில்லை. ஆனால் மடிக்குள் இந்த எண்ணெய் போனால் கிருமியைத் தேடிப் போவதற்கு முன்னால் பாலில் உள்ள கொழுப்போடும் புரதத்தோடும் ஒட்டிக்கொள்கிறது. தட்டில் ஒரு சொட்டு செய்த வேலைக்கு மடியில் பல மடங்கு வேண்டும். அவ்வளவு போட்டால் கிருமிக்கு முன்னால் பால் சுரக்கும் திசு வெந்துவிடும். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் போதாக்குறைக்கு திசுவுக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்ளும் ஜாதி. அதனால்தான் சரியான ஆன்டிபயாடிக் போட்டும் சில சமயம் போவதில்லை.

இதைப் படித்துவிட்டு இயற்கை வைத்தியத்துக்கு நான் எதிரி என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆன்டிபயாடிக்கைக் கண்டபடி போட்டால் கிருமி அதற்குப் பழகிவிடும், அது எவ்வளவு ஆபத்து என்று எனக்கும் தெரியும். மனிதர்களுக்குக் கடைசி மருந்தாக வைத்திருக்கும் கொலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு 2019-இல் தடை போட வேண்டி வந்தது. அதனால் செடிகளில் மருந்து தேடுகிறவர்களை நான் மதிக்கிறேன். தேடல் முடிவதற்குள் பாட்டிலை விற்கிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

எங்கள் வீட்டிலேயே மூலிகை பலித்திருக்கிறது. 2022-இல் கறுப்பு மாட்டுக்கு ஒரு காம்பு லேசாகத் தடித்தது. காய்ச்சல் இல்லை, தீவனம் எடுத்தது. இந்தத் தடவை டாக்டரைக் கேட்டுக்கொண்டே செய்தேன். தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இருந்த பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய முறை அது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைக்க வேண்டும். சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் செங்காவியாக மாறும். காம்பைச் சுத்தமாகக் கறந்து, மடியைக் கழுவி, அதில் ஒரு கை எடுத்துத் தண்ணீரில் கரைத்து மடி முழுக்கத் தடவ வேண்டும். ஒரு நாளைக்கு 8 முதல் 10 தடவை, 5 நாள். ஒரு தடவை தடவிவிட்டு வேலை செய்யவில்லை என்கிறவர்கள் இதைக் கவனிக்கவும். ஒவ்வொரு தடவையும் கறந்தேன், தடவினேன். ஐந்தாம் நாள் மடி மெத்தென்று ஆகிவிட்டது. லேசான மடிநோய் அடிக்கடி கறந்தாலே தானாகப் போவதும் உண்டு, அதனால் எல்லாம் கற்றாழையின் புண்ணியம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் மாட்டைப் புண்ணாக்கவில்லை, கறக்க விட்டது. எனக்கு அது பெரிய விஷயம்.

இன்னொன்று, வேப்பெண்ணெய், நல்லெண்ணெய் எல்லாம் செக்கில் ஆட்டுகிற எண்ணெய். நீங்கள் கேட்கிற கிராம்பு, ஓம எண்ணெய்கள் ஆவியில் வடித்து எடுப்பவை, பல மடங்கு காரம். இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் நான் கெட்டேன். இப்போதும் ஓம எண்ணெய் வைத்திருக்கிறேன். 100 மில்லி நல்லெண்ணெயில் 10 சொட்டு. காம்புத் தோல் வெடிப்புக்கு மட்டும், வெளியே மட்டும். அடுத்த கறவைக்கு முன்னால் துடைத்துவிடுவேன், இல்லையென்றால் பாலில் வாசனை ஏறும். காம்புத் துளைக்குள் எதையும் விட மாட்டேன்.

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. செவலைக்கு நோய் வருவதற்கு இரண்டு வருடம் முன்பே எங்கள் ஊரில் மடிநோய் முகாம் நடந்திருக்கிறது. பாலையும் சலவைத்தூள் கரைசலையும் சம அளவு கலந்து, குழகுழவென்று கெட்டியானால் நோய் ஆரம்பித்துவிட்டது என்று கண்டுபிடிக்கும் முறையை அங்கே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கண்ணுக்குத் திப்பி தெரிவதற்கு முன்பே தெரிந்துவிடும். அழைப்பு என் வீட்டுக்காரர் பெயருக்கு வந்தது, ஏனென்றால் சொசைட்டி பாஸ்புக் அவர் பெயரில். அவர் போனார், கையெழுத்துப் போட்டார், வந்துவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் மடியில் கை வைத்தவர் இல்லை. 18 வருடமாகக் கறக்கிறவள் நான், கேனைத் தூக்கிப் போய் ஊற்றுகிறவள் நான், ஆனால் பால் ஊற்றுபவர் என்று ஏட்டில் இருப்பவர் அவர். மாட்டுக் கடன் கேட்டுப் போனால் "வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கம்மா." அந்த முகாமில் நான் உட்கார்ந்திருந்தால் செவலைக்கு நாலு காம்பும் இருந்திருக்கும். உங்கள் வீட்டில் கறப்பது யாரோ அவரை அடுத்த முகாமுக்கு அனுப்புங்கள்.

சரி, இப்போது உங்கள் மாடு. காய்ச்சல் இருந்தாலோ, தீவனம் எடுக்காவிட்டாலோ, பால் தண்ணீராகவோ ரத்தமாகவோ வந்தாலோ எந்தக் கைவைத்தியமும் வேண்டாம், விடிந்ததும் முதல் வேலையாக டாக்டரைக் கூப்பிடுங்கள். ஊசி போடுவதற்கு முன்னால் சுத்தமான பாட்டிலில் பால் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள், எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று பார்த்துப் போடலாம். ஊசி போட்டபின் மருந்து அட்டையில் உள்ள நாள் வரை பாலைக் கேனில் ஊற்றாதீர்கள், நஷ்டமானாலும். லேசான வீக்கம்தான் என்றால் இப்போதே எழுந்து போய் அந்தக் காம்பை வெறுமையாகக் கறந்துவிடுங்கள், 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை. நோய்ப்பட்ட காம்பைக் கடைசியாகக் கறக்க வேண்டும், அந்தப் பாலைக் கட்டுத்தரையில் ஊற்றக் கூடாது. கறந்ததும் மாட்டுக்குத் தீவனம் வையுங்கள், அரை மணி நேரமாவது படுக்காமல் நிற்கட்டும். காம்புத் துளை உடனே மூடாது, சேறு ஏறிவிடும்.

எந்தக் காம்பு, கன்று போட்டு எத்தனை நாள், இதுவரை என்ன தடவினீர்கள் என்று கீழே எழுதுங்கள். நாலரைக்கு எழுந்ததும் பார்க்கிறேன்.