சாவு வீட்டில் தந்த ஒரு இலட்சம்

கேள்வி: என் கணவர் மேசன். வெள்ளவத்தையில் மாடிக் கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்து இறந்து மூன்று மாதமாகிறது. கொந்தராத்துக்காரர் சாவு வீட்டில் ஒரு இலட்சம் தந்து, சிங்களத்தில் எழுதிய தாளொன்றில் கையெழுத்து வாங்கினார். இப்போது போய்க் கேட்டால், "பெல்ட் போடாதது அவர் பிழை, நாட்கூலிக்கு நட்டஈடு கிடையாது, நீங்களும் கையெழுத்து வைத்துவிட்டீர்கள்" என்கிறார். இரண்டு சின்னப் பிள்ளைகள். இனி ஒன்றும் செய்ய முடியாதா?
வாசகி, கிராண்ட்பாஸ்

பதில்: முடியும் தங்கச்சி. முதலில் அந்தத் தாளை நினைத்துப் பயப்படுவதை விடுங்கள். 1934இல் வந்த தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. வேலையில் ஒருவர் விபத்துப்பட்டு இறந்தால் நட்டஈட்டுப் பணத்தை மனைவியின் கையில் திணித்துவிட்டுப் போக முடியாது, தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம்தான் கட்ட வேண்டும், அவர்தான் இறந்தவரை நம்பி வாழ்ந்தவர்கள் யாரென்று பார்த்துப் பிரித்துக் கொடுப்பார். உரிமையை விட்டுவிட்டேன் என்று எழுதி வாங்கினாலும் அது செல்லாது. பிரேதம் வீட்டில் கிடக்கும்போது படிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்து வாங்கியதை நான் உதவி என்று சொல்லமாட்டேன்.

பெல்ட் கதைக்கு வருவோம். பாதுகாப்பு விதியை மீறினார், குடித்திருந்தார் என்று சொல்லி முதலாளி தப்பிக்க வழி உண்டுதான். ஆனால் அது காயத்தோடு பிழைத்தவர் விஷயத்தில். ஆள் இறந்துவிட்டால் அந்தச் சாக்கு எடுபடாது. நாட்கூலி என்பதும் அப்படித்தான். கட்டடம் கட்டுவதே கொந்தராத்துக்காரருடைய தொழில், அந்தத் தொழிலுக்குத்தானே மேசனைப் பிடித்தார்?

தொகை, சம்பளத்தை வைத்துச் சட்டத்திலுள்ள அட்டவணைப்படி வரும். முன்பு எவ்வளவு போனாலும் 550,000 ரூபாய்தான், 2022இல் திருத்தி 20 இலட்சம் வரை உயர்த்தினார்கள். ஆகவே அவர் என்ன சம்பளம் எடுத்தார் என்று காட்டுவதுதான் உங்களுக்குப் பெரிய வேலை. அநேகமான மேசன்மாரிடம் நாள், கூலி, அட்வான்ஸ் எல்லாம் பென்சிலால் குறித்துவைத்த சின்னக் கொப்பி ஒன்று இருக்கும், சட்டைப் பையிலோ சாமான் பையிலோ தேடுங்கள். ஃபோனில் பாஸ் அனுப்பிய வட்ஸ்அப் குரல் பதிவுகளை அழித்துவிடாதீர்கள். கூட வேலை செய்த பொடியன்மாரின் நம்பரை இன்றைக்கே வாங்குங்கள், வேலை முடிந்தால் ஒருவர் ஹட்டனில், ஒருவர் பதுளையில் என்று போய்விடுவார்கள், அப்புறம் சாட்சிக்கு ஆள் தேடி அலைய வேண்டியிருக்கும்.

மரணச் சான்றிதழ், மரண விசாரணை அறிக்கை, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, கல்யாணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு ஆணையாளருக்கு விண்ணப்பியுங்கள். பெயர் எழுத்தை ஒருமுறை சரிபாருங்கள். அடையாள அட்டையில் ஒரு மாதிரி, மரணச் சான்றிதழில் இன்னொரு மாதிரி இருந்து மாதக்கணக்கில் இழுபட்டவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று, ஊழியர் சேமலாப நிதி (EPF). நாட்கூலிக்காரருக்கும் அது உண்டு: சம்பளத்தில் அவர் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம், அதற்கு மேலே ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு (ETF) முதலாளி 3 வீதம். கட்டாமல் விட்டிருந்தால் நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்தில் முறையிடுங்கள். அது வேறு, நட்டஈடு வேறு. ஒன்றைத் தந்துவிட்டு மற்றதை மறைக்கப் பார்த்தால் விடாதீர்கள்.

விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு போட்டோக்கொப்பி எடுத்து வீட்டில் வையுங்கள்.