சூரியன் வடக்கே, கேமரா தரையிலே

தென்னாப்பிரிக்காவில் மாதிரி ரயில் படம் எடுப்பவர்களுக்கான கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எஞ்சினின் பெயரைச் சொல்லிவிட்டு மற்றதையெல்லாம் விட்டுவிட்டவை. லேஅவுட்டின் (மாதிரி ரயில் ஓடும் அமைப்பின்) அளவு, விளக்கு, லென்ஸ் மூன்றையும் எழுதாவிட்டால் என்னால் உருப்படியாக எதுவும் சொல்ல முடியாது. எழுதியவர்களுக்கு மட்டும் இங்கே பதில்.

கே: 15எஃப் நீராவி எஞ்சின், நான்கு பெட்டி, சின்ன ஸ்டேஷன். கராஜில் நேரில் பார்த்தால் அழகு. செல்போனில் எடுத்தால் பொம்மையாகத் தெரிகிறது. அளவு 1:87, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. (சாட்ஸ்வொர்த் வாசகர்)

ப: நீங்கள் அனுப்பிய ஆறு படமும் நின்றபடி, மேலிருந்து எடுத்தவை. அந்த ஊரில் யாருமே அந்த ரயிலை அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். தண்டவாள ஓரத்தில் நிற்கும் ஆளின் கண், தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1:87-ல் அது இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. உங்கள் லென்ஸ் இருக்க வேண்டிய இடம் அதுதான். 1:160-ல் வேலை செய்பவர்களுக்கு ஒரு சென்டிமீட்டர்.

செல்போனைத் தலைகீழாக நிறுத்துங்கள். மேல் மூலையில் இருக்கும் லென்ஸ் தரைக்கு வந்துவிடும். படத்தைப் பிறகு நிமிர்த்திக்கொள்ளலாம். அகலக்கோண லென்ஸைத் தொடாதீர்கள், எஞ்சினின் முகம் வீங்கி, பின்னால் பாய்லர் சூம்பிவிடும். பிரதான லென்ஸில், கொஞ்சம் தள்ளி வைத்து எடுத்து ஓரங்களை வெட்டிக்கொள்ளுங்கள். செல்போனைக் கையில் பிடிக்காமல் எதிலாவது சாய்த்து வைத்து, இரண்டு நொடி டைமர் போடுங்கள். டைமர் இல்லாமல் எடுத்த படத்தை எனக்கு அனுப்பவே வேண்டாம்.

கே: எந்த கேமரா வாங்கலாம்?

ப: அளவு இல்லை, ஊர் இல்லை, இப்போது கையில் என்ன இருக்கிறது என்பதும் இல்லை. இருக்கிற கேமரா போதும். அந்தப் பணத்தில் கனமான டிரைபாட் வாங்குங்கள்.

கே: எஞ்சினை நேர் முன்னிருந்து எடுத்தால் தண்டவாளம் அகலமாக, எஞ்சின் குந்தியிருப்பது போலத் தெரிகிறது. லென்ஸ் கோளாறா? (லேடிஸ்மித்)

ப: லென்ஸில் ஒன்றுமில்லை. நம் நாட்டு ரயில் பாதை மூன்றடி ஆறு அங்குலம், அதாவது 1067 மில்லிமீட்டர். 1:87-ல் அது 12 மில்லிமீட்டர்தான் வரும். நீங்கள் போட்டிருப்பது கடையில் கிடைக்கும் 16.5. அது ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர் பாதையின் கணக்கு. இங்கே முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் போடுகிறார்கள், குற்றம் சொல்லவில்லை. ஆனால் கேமராவிடம் மறைக்க முடியாது. நேர் முன்னால் நிற்காதீர்கள். பக்கவாட்டில், சக்கரங்கள் ஒன்றை ஒன்று மறைக்கும் கோணத்தில், தாழ்வாக வையுங்கள். முன்னால் கொஞ்சம் காய்ந்த புல் இருந்தால் எதிர்ப்பக்கத் தண்டவாளமே தெரியாது. இனிமேல்தான் தொடங்கப் போகிறவர்கள் 1:64 அளவையும் யோசித்துப் பாருங்கள். அதில் 16.5 பாதை நம் 1067-க்கு அச்சாகப் பொருந்தும்.

கே: லென்ஸ் துவாரத்தை எஃப்/32 வரை சுருக்கியும் முதல் பெட்டி முதல் கடைசிப் பெட்டி வரை கூர்மை வரவில்லை. (ஃபீனிக்ஸ்)

ப: போகப் போகக் கெடும். துவாரம் அவ்வளவு சிறிதானால் ஒளி விளிம்பில் சிதறிப் படம் முழுவதுமே மங்கும். எஃப்/8 அல்லது எஃப்/11-இல் நில்லுங்கள். எஞ்சினின் முன்முனையில் ஒரு ஃபோகஸ், புகைபோக்கியில் ஒன்று, டெண்டரில் (கரியும் தண்ணீரும் சுமக்கும் பின்வண்டியில்) ஒன்று என்று பின்னுக்கு நகர்த்தி எட்டுப் பத்துப் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேருங்கள். எக்ஸ்போஷரும் வெள்ளைச் சமநிலையும் கைமுறையில் இருக்கட்டும். எடுக்கும்போது மரத்தரையில் நடக்காதீர்கள். இதற்கும் டைமர்தான்.

கே: பீட்டர்மரிட்ஸ்பர்க் ஸ்டேஷனைச் செங்கல் செங்கலாகக் கட்டியிருக்கிறேன். மூன்று விளக்கு வைத்தும் படத்தில் வெயில் வரவில்லை. (பீட்டர்மரிட்ஸ்பர்க்)

ப: மூன்று வைத்ததால்தான் வரவில்லை. கம்பத்துக்கு மூன்று நிழல் விழுந்தால் அதை எந்தக் கண்ணும் வெயில் என்று நம்பாது. ஒரே விளக்கு, இரண்டு மீட்டராவது தள்ளி. கிட்டே வைத்தால் நிழல்கள் விசிறி போல விரியும். சூரியனின் நிழல்கள் இணையாகத்தான் விழும். நிழல் பக்கம் அதிகமாகக் கறுத்தால் எதிரே வெள்ளை அட்டை ஒன்றை நிறுத்துங்கள், இன்னொரு விளக்கு போடாதீர்கள். ஜன்னல் திரையையும் இழுத்துவிடுங்கள். பகல் வெளிச்சத்தின் நீலமும் விளக்கின் மஞ்சளும் ஒரே சுவரில் விழுந்தால் பிறகு சரிசெய்ய முடியாது.

இன்னொன்று. நீங்கள் இங்கிலாந்துப் பத்திரிகைப் படத்தைப் பார்த்து விளக்கைத் தெற்கே வைத்திருக்கிறீர்கள். நாம் இருப்பது தெற்கு அட்சரேகை 30-ஐ ஒட்டி. இங்கே நண்பகல் சூரியன் வடக்கில் நிற்கும். ஜூனில் அடிவானத்திலிருந்து 35, 40 டிகிரிதான் ஏறும். டிசம்பரில் ஏறக்குறைய உச்சந்தலையில். முதலில் லேஅவுட்டின் ஓரத்தில் சாக்கட்டியால் வடக்கு எது என்று குறியுங்கள். பிறகு மாதத்தையும் மணியையும் முடிவு செய்யுங்கள். ஜூன் மாதம் பிற்பகல் நான்கு மணி என்றால் விளக்கு வடமேற்கில், தாழ்வாக. விளக்கின் இடம் அப்போது தானாகவே தெரிந்துவிடும்.

கே: 25-ஆம் வகுப்பு கண்டென்சர் எஞ்சின், பின்னால் கரூ வறள்நிலம். புகைபோக்கியில் பஞ்சு வைத்து எடுத்தேன். நண்பர் கம்ப்யூட்டரில் வெள்ளைப் புகை சேர்க்கச் சொல்கிறார். எது மேல்? (டோங்காட்)

ப: இரண்டும் வேண்டாம். இதைப் பற்றிப் பல தடவை எழுதிவிட்டேன், மறுபடியும் எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டியில் நடுவராக உட்கார்ந்தேன். பத்துக்கு ஏழு படத்தில் பஞ்சு. அதில் இரண்டில் எஞ்சின் வேகமாக ஓடுகிறது, பஞ்சு மட்டும் நேராக மேலே நிற்கிறது. மாதக்கணக்கில் உட்கார்ந்து குழாய் குழாயாக எஞ்சினைச் செய்தவர்கள், கடைசி ஐந்து நிமிடத்தில் அத்தனையையும் கெடுத்துக்கொள்வதைப் பார்க்க எனக்கு மனசு வலிக்கிறது.

வெள்ளையாக எழுவது புகை இல்லை, நீராவி. சிலிண்டரில் வேலை முடித்த நீராவி புகைபோக்கி வழியாகப் பீறிட்டு வரும்போது அடுப்புப் புகையையும் கூடவே இழுத்து வருகிறது. குளிர்ந்த காற்றில் பட்டால்தான் அது வெண்மேகமாகத் திரளும். ஜூலை விடியலில் கிம்பர்லிப் பக்கம் மலை மாதிரி நிற்கும். அதே எஞ்சின் கரூவின் ஜனவரி நண்பகலில் ஓடினால் புகைபோக்கிக்குச் சற்று மேலேயே கரைந்துபோகும். கன்னங்கரேலென்று புகை வந்தால் ஃபயர்மேன் அடுப்பை ஒழுங்காகக் கவனிக்கவில்லை என்று பொருள்.

இதெல்லாம் சாதாரண எஞ்சினுக்கு. உங்களுடையது கண்டென்சர். கரூவில் தண்ணீர் இல்லை என்பதற்காகவே 1953 முதல் கொண்டுவரப்பட்ட 90 எஞ்சின்களில் ஒன்று. அதில் வேலை முடித்த நீராவி வெளியே போவதே இல்லை. அந்த நீளமான டெண்டருக்குள் போய், விசிறிக் காற்றில் குளிர்ந்து தண்ணீராகி, பாய்லருக்கே திரும்புகிறது. அடுப்புப் புகையை இழுக்க முன்புறத்தில் டர்பைன் விசிறி வைத்திருந்தார்கள். அதனால் 'சுக் சுக்' என்ற சத்தமே கிடையாது, ஊங்காரம்தான். அப்படிப்பட்ட எஞ்சினின் தலையில் வெண்மேகம் வைத்தால், அந்த எஞ்சின் எதற்காகச் செய்யப்பட்டதோ அதையே மறுத்ததாகிவிடும். மெல்லிய சாம்பல் நிறக் கீற்று போதும். அதுவும் இல்லாவிட்டால் இன்னும் நல்லது.

உங்கள் லேஅவுட் 1980-ஐ ஒட்டியது என்றால் கதை வேறு. 1970-களில் இவற்றில் பெரும்பாலானவற்றைச் சாதாரண எஞ்சினாக மாற்றிவிட்டார்கள். டெண்டரில் விசிறிகளை எடுத்துவிட்டு, உருண்ட தொட்டியாக்கி, 'வோர்ஸ்ஹொண்ட்' (ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் 'சாசேஜ் நாய்') என்று பெயர் வைத்தார்கள். அந்த டெண்டர் இருந்தால் குளிர்கால நீராவி பொருந்தும். அப்போதும் பஞ்சு வேண்டாம். கறுப்புத் துணிக்கு முன்னால் கெட்டிலைக் கொதிக்கவிட்டு, உங்கள் வெயில் எந்தப் பக்கமோ அதே பக்கத்திலிருந்து விளக்கைக் காட்டி, மூக்கிலிருந்து வரும் ஆவியைத் தனியாகப் படம் எடுங்கள். அதைப் படத்தோடு இணைத்து, ரயில் போகும் திசைக்கு எதிராகச் சாய்த்துவிடுங்கள். புகை எண்ணெய் ஊற்றும் கருவியை வாங்காதீர்கள். எண்ணெய் தண்டவாளத்திலும் படியும், பக்கத்தில் இருக்கும் லென்ஸிலும் படியும்.

கே: எஞ்சின் கரிக்கட்டை மாதிரி வருகிறது. சக்கரம், ராட் எதுவும் தெரியவில்லை. (ஐசிபிங்கோ)

ப: வேலை செய்கிற எஞ்சின் கறுப்பாக இருப்பதில்லை. தூசும் எண்ணெயும் சாம்பலும் சேர்ந்து கரும்சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். பளபளக்கும் பெயின்ட்டின் மேல் மேட் வார்னிஷ் அடித்து, சக்கரப் பகுதியில் பழுப்புப் பொடி தேயுங்கள். பிறகு வெள்ளை அட்டையைப் படத்துக்கு வெளியே, தண்டவாள மட்டத்தில் சாய்த்து வையுங்கள். சக்கரங்களுக்கு உள்ளே வெளிச்சம் போகும். இணைப்பு ராட் கீழே இருக்கும்படி எஞ்சினை நிறுத்துங்கள். நிஜ எஞ்சினை எடுத்தவர்களும் அந்த நிலைக்காகத்தான் காத்திருப்பார்கள்.

கே: 1950-களின் நேட்டால் ஸ்டேஷன். 'வெள்ளையர் அல்லாதோர்' பலகையை மாதிரியில் வைத்திருக்கிறேன். படத்தில் அதை அழித்துவிடு என்கிறான் மகன். என்ன செய்ய? (வெருலம்)

ப: அழிக்காதீர்கள் ஐயா. நீங்கள் சொல்லும் ஆண்டுகளில் அந்தப் பலகை இருந்தது. தனி வாசல், தனி பெஞ்ச், தனிப் பெட்டி எல்லாமே இருந்தன. என் அப்பா டர்பன் ரயில்வே பாரக்ஸில் (ரயில்வே தொழிலாளர் குடியிருப்பில்) பிறந்தவர், அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்தார். பலகையைப் படத்தின் நடுவில் அலங்காரமாகக் காட்ட வேண்டாம், அது நின்ற இடத்தில் நிற்கட்டும். அதன் பக்கத்தில் நம் ஆட்கள் இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம். டர்பனில் முதல் ரயில் ஓடியது 1860 ஜூன் 26. ட்ரூரோ கப்பலில் இந்தியாவிலிருந்து நம்மவர்கள் முதன்முதலாக ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியது அதே ஆண்டு நவம்பர் 16. ஐந்து மாதம்கூட இடைவெளி இல்லை. பிறகு இந்தப் பாதைகளில் ஜல்லி கொட்டியவர்களில் நம்மவர்கள் எத்தனையோ பேர். ஆனால் எனக்கு வரும் படங்களில் பிளாட்பாரம் முழுக்க ஐரோப்பியப் பொம்மைப் பெட்டியில் வந்த, ஓவர்கோட் போட்ட வெள்ளைக்காரப் பொம்மைகள். ஒரு மெல்லிய பிரஷ் எடுத்து முகத்தின் நிறத்தை மாற்ற அரை மணி நேரம் ஆகுமா? டிஷ்யூத் தாளைப் பசையில் நனைத்துச் சேலை கட்டலாம், தலைப்பாகை சுற்றலாம். மண்வெட்டியோடு நாலு பேரைப் பாதை ஓரத்தில் நிறுத்துங்கள். நடக்கிற பாவனையில் உள்ள பொம்மைகளைத் தவிருங்கள், ஒரு காலைத் தூக்கியபடி உறைந்து நிற்பதைப் படம் காட்டிக்கொடுக்கும். உங்கள் மகனையும் பக்கத்தில் உட்கார வைத்து, அந்தப் பெஞ்சில் யார் உட்கார்ந்தார்கள் என்று சொல்லிக்கொண்டே பெயின்ட் அடியுங்கள்.

கே: எல்இடி விளக்கில் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள். (ஸ்டேங்கர்)

ப: ஷட்டர் வேகம் அதிகம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு அதற்கேற்ப மினுக்கும். 1/50 நொடி அல்லது அதற்கும் மெதுவாக வையுங்கள். டிம்மரைக் கழற்றிவிடுங்கள். டிரைபாட் இருந்தால் இரண்டு நொடி திறந்து வைத்தாலும் குற்றமில்லை.

கே: ரயில் ஓடுவது போலப் படம் வேண்டும். (சாட்ஸ்வொர்த், இன்னொருவர்)

ப: ஓடவிட்டே எடுங்கள். 40 கிலோமீட்டர் வேகம் என்பது 1:87-ல் நொடிக்குச் சுமார் 13 சென்டிமீட்டர். 1/10 நொடியில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நகரும். ஸ்டேஷன் கூர்மையாக நிற்க, ரயில் மட்டும் வழுக்கும். எஞ்சினைக் கையால் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுழல விடாதீர்கள், மோட்டார் சூடாகி வீணாகும்.

கே: படத்தைப் பெரிதாக்கினால் பாதை முழுக்க வெள்ளைக் கற்கள். நான் கல் போடவே இல்லை. (மவுண்ட் எட்ஜ்கம்ப்)

ப: தூசு. ஒரு மில்லிமீட்டர் தூசு 1:87-ல் ஒன்பது சென்டிமீட்டர் கல். மேக்கப் போடும் மென்மையான பிரஷால் பின்னணியிலிருந்து முன்னோக்கித் தட்டுங்கள். பெட்டிக் கூரைகளை மறக்க வேண்டாம், தாழ்வான வெயிலில் முதலில் அதுதான் தெரியும். இதைப் படம் எடுக்கும் முன் செய்யுங்கள்.