கரணம் அடித்தாலும் அவிழாத கொண்டை

கேள்வி: தக்கலைப் பக்கம் இருக்கிறோம். எட்டு வயது மகள் நாகர்கோவிலில் ஜிம்னாஸ்டிக்ஸ் கற்றுக்கொள்கிறாள். நல்ல அடர்த்தியான முடி, இடுப்பு வரை இருக்கிறது. போன போட்டியில் ஃப்ளோரில், அதாவது தரைப் பயிற்சியில், பின்கரணம் அடித்தபோது கொண்டை சரிந்து ஸ்லைடுகள் மேட்டில் (தரை விரிப்பில்) சிதறிவிட்டன. அடுத்து பீம் என்கிற ஒடுக்கமான உயரக் கட்டையில் ஏறியவள், கண்ணில் விழுந்த முடியை ஒதுக்கக் கையை எடுத்தாள், தடுமாறி விழுந்துவிட்டாள். அடுத்த மாதம் சென்னையில் போட்டி. முடியை வெட்டிவிடலாமா என்று யோசிக்கிறேன், மாமியார் கூடவே கூடாது என்கிறார். ஜெல், ஸ்பிரே போடுவது பிள்ளைக்குக் கெடுதலா?

பதில்: முடியை வெட்ட வேண்டாம் சகோதரி. பிள்ளையே ஆசைப்பட்டுக் கேட்டால் அது வேறு. கொண்டை நிற்பதற்காக வெட்டினால் பலன் நேர்மாறாகத்தான் இருக்கும். தோள் வரை வெட்டிய முடி, பின்னலுக்குள் அடங்காமல் நுனி நுனியாக வெளியே வரும். நீளமும் அடர்த்தியும் உள்ள முடியைத்தான் இறுக்கிப் பிடித்து உட்கார வைக்க முடியும்.

பீமில் நடந்தது சின்ன விஷயமில்லை. அதன் மேல்பரப்பு 10 செ.மீ. அகலம்தான். சர்வதேச விதிப்படி அதிலிருந்து விழுந்தால் ஒரு முழு மதிப்பெண் போய்விடும். மதிப்பெண்ணை விட, அடிபடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. ஏறி நிற்கிற பிள்ளைக்குத் தன் தலையில் கொண்டை இருக்கிற நினைப்பே வரக்கூடாது.

உங்கள் மகளுக்குக் கொண்டை சரிந்தது ஸ்லைடு குறைந்ததால் அல்ல. நீங்கள் நிறையவே குத்தியிருப்பீர்கள். அடியில் போட்ட குதிரைவால் தளர்வாக இருந்திருக்கும், கொண்டை இருந்த இடமும் தவறாக இருந்திருக்கும். பரதநாட்டியத்துக்குக் கொண்டை போடுகிற பழக்கத்தில் இதையும் போடுகிற அம்மாக்களை நான் நிறையப் பார்க்கிறேன். நாட்டியத்தில் தலை நிமிர்ந்தே இருக்கும், பிடரியில் தாழ்வாக உருட்டிய கொண்டை அங்கே அழகு. ஜிம்னாஸ்டிக்ஸில் பிள்ளை தலைகீழாக நிற்கிறாள், உருளுகிறாள், பாரில் (கம்பியில்) சுழலுகிறாள். கரணம் அடிக்கும்போது பிடரியும் தலையின் பின்பக்கமும் மேட்டில் அழுந்தும். அங்கே உருண்டையாக ஒரு கொண்டை இருந்தால் கழுத்துக்கும் தொந்தரவு, கொண்டையும் பிதுங்கி வெளியே வரும். அதற்குப் பயந்து உச்சிக்கு முன்னால் ஏற்றிவிட்டால், தலையை ஊன்றி நிற்கும்போது இடிக்கும்.

இடம் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. தாடையின் விளிம்பில் விரலை வைத்து, காதை ஒட்டி அதே சாய்வில் பின்னோக்கி மேலே கொண்டு போங்கள். இரண்டு பக்கக் கோடும் தலையின் பின்மேல்பக்கத்தில் சந்திக்கிற இடம்தான் குதிரைவாலுக்கு உரிய இடம். கொண்டை அதைச் சுற்றித் தட்டையாக, வட்டில் மாதிரி பரந்து உட்கார வேண்டும். எவ்வளவு தட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அதனால் டோனட் என்று விற்கிற பஞ்சு வளையம் உங்கள் மகளுக்குத் தேவையே இல்லை. அது முடி குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு, அதுவும் சின்ன அளவில் போதும்.

இனி எண்ணெய். நம் ஊரில் தேங்காய் எண்ணெய் வைக்காமல் பிள்ளையை வெளியே அனுப்ப மனசு வராது. ஆனால் எண்ணெய் உள்ள முடியில் ரப்பர் பேண்டும் வழுக்கும், ஸ்லைடும் வழுக்கும். போட்டிக்கு முந்தின நாள் காலையிலேயே தலைக்குக் குளிக்க வைத்து, நன்றாக உலரவிட்டு, அதன்பின் எண்ணெய் தொடாமல் இருங்கள். மழைக்காலமாக இருந்தால் ஃபேனுக்கு அடியில் உட்கார வைத்து அடிமுடி வரை காய வையுங்கள். ஈரத்தோடு இறுக்கிக் கட்டினால் முடி அறுந்துபோகும், உள்ளே நாள் முழுக்க ஈரம் நின்று அரிப்பெடுக்கும்.

கட்டும்போது பிள்ளையை முக்காலியில் உட்கார வைத்து, கொஞ்சம் அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். நிமிர்ந்த தலையில் கட்டினால் பிடரி முடி பை மாதிரி தொங்கும். தண்ணீர் லேசாகத் தொட்ட பிரஷ்ஷால் நாலாபக்கமும் இழுத்து வாரி, துணி சுற்றிய ரப்பர் பேண்டால் கட்டுங்கள். காகிதக் கட்டுக்குப் போடுகிற வெறும் ரப்பர் முடியை அறுத்துவிடும். கட்டியதும் முகவாயை நெஞ்சில் ஒட்டிக் குனியச் சொல்லுங்கள். கரணத்தில் அவள் செய்யப்போவது அதைத்தான். பிடரியில் வலிக்கிறது என்றால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள், "கொஞ்சம் பொறுத்துக்கோ மக்களே" என்று மட்டும் சொல்லாதீர்கள். குதிரைவாலைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். தலையோடு சேர்ந்து வர வேண்டும், தனியாக ஆடக்கூடாது. இது சரியாக அமைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இவ்வளவு முடியை ஒரே முறுக்காகச் சுற்றினால் மலைபோல் எழுந்து நிற்கும். குதிரைவாலை இரண்டாகப் பிரித்து, இரண்டையும் பின்னி, நுனியில் சின்ன ரப்பர் போடுங்கள். பின்னலில் ஊசி பிடித்து நிற்கும், விரித்த முடியில் நழுவும். ஒரு பின்னலை வலமாக, தலையோடு ஒட்டிச் சுற்றுங்கள். மற்றதை அதன் வெளிப்புறமாக இடமாகச் சுற்றி, இரண்டு நுனியையும் அடியில் செருகுங்கள். முழுதும் சுற்றிவிட்டுக் கடைசியில் ஊசி தேடாதீர்கள், கால் சுற்றுக்கு ஒன்று என்று போகப் போகவே குத்த வேண்டும்.

ஊசி குத்துவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கொண்டையைப் பிடித்து நிறுத்துவது வளைந்த கொண்டை ஊசி, ஸ்லைடு அதற்குத் துணைதான். கொண்டை ஊசியின் முனை வெளிப்பக்கம் பார்க்கும்படி பிடித்து, பின்னலின் ஓரத்தில் கொஞ்சம் முடியையும் அதை ஒட்டிய தலைமுடியில் கொஞ்சத்தையும் சேர்த்துக் கோத்து எடுங்கள். அப்புறம் ஊசியை அப்படியே திருப்பி, கொண்டையின் நடுவை நோக்கித் தலையோடு படுக்க வைத்துத் தள்ளுங்கள். திரும்புகிற அந்த இடத்தில்தான் பிடி விழுகிறது. நேராகக் குத்திய ஊசி, பிள்ளை தலைகீழானதும் நேராகவே வெளியே வந்துவிடும். உங்கள் மகளின் முடிக்கு எட்டு முதல் பத்து ஊசி போதும். ஸ்லைடு போடும்போது நெளிநெளியான கால் தலைப்பக்கம் இருக்கட்டும், தளர்வு தெரிகிற இடத்தில் இரண்டைக் குறுக்காகப் போடுங்கள். முனையில் உள்ள குமிழ் உதிர்ந்த ஸ்லைடைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், அது தோலைக் கீறும்.

கடைசியாக முடி நிறத்தில் மெல்லிய வலை. ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும். கொண்டை மேல் போட்டு, மிஞ்சியதை முறுக்கி மறுபடி மேலேயே போட்டு, ஓரத்தில் நாலு ஸ்லைடு. ஒரு ஊசி கழன்றால்கூட வலைக்குள்ளேயே கிடக்கும், மேட்டில் விழுந்து அடுத்த பிள்ளையின் காலில் குத்தாது.

ஜெல், ஸ்பிரே பற்றிக் கேட்டீர்கள். போட்டி நாளில் அளவாகப் போட்டால் பயப்பட வேண்டியதில்லை. நெற்றி ஓரத்திலும் பிடரியிலும் உள்ள பூனைமுடிக்கு மட்டும், பழைய டூத் பிரஷ்ஷில் துளி ஜெல் தொட்டுப் படிய வாருங்கள். நிறையப் பூசினால் வியர்வையோடு கரைந்து கண்ணில் இறங்கி எரியும். புதிதாக வாங்கியதை ஒரு வாரம் முன்னாலேயே காதுக்குப் பின்னால் தடவிப் பாருங்கள், தடிப்போ அரிப்போ வந்தால் அது வேண்டாம். ஸ்பிரே அடிக்கும்போது நெற்றியில் கையை வைத்து மறைத்து, காற்றோட்டமான இடத்தில் அடியுங்கள். அது சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்படியிலும் சாமி விளக்குக்குப் பக்கத்திலும் அடிக்கவே கூடாது.

பூ வைக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தோவாளைப் பிச்சிப்பூ கோயிலுக்குப் போகும்போது இருக்கட்டும். பீமில் ஒரு இதழ் கிடந்தாலும் கால் வழுக்கும். பெரிய கிளிப், கல் வைத்த ஊசி, ஜிமிக்கி எதுவும் வேண்டாம்.

சென்னைக்கு ரயிலில் ராத்திரி முழுக்கப் போக வேண்டும். வீட்டிலேயே கொண்டை போட்டுக் கூட்டிப் போகாதீர்கள், பெர்த்தில் படுத்ததும் நசுங்கிவிடும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஆரல்வாய்மொழி தாண்டுவதற்குள்ளேயே காற்று பாதியைக் கலைத்துவிடும். இரட்டைப் பின்னலோடு ஏறட்டும், போய் இறங்கியபின் கட்டுங்கள். வார்ம்-அப் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கொண்டை முடிந்திருக்க வேண்டும். ஊசி, வலை, இரண்டு ரப்பர், சீப்பு எல்லாம் ஒரு சின்னப் பையில் பயிற்சியாளரிடம் இருக்கட்டும். அம்மாக்களைக் களத்துக்குள் விடமாட்டார்கள்.

அதற்கு முன் வீட்டிலோ பயிற்சியிலோ இரண்டு மூன்று முறை ஒத்திகை பாருங்கள். முன்கரணம், பின்கரணம், ஹேண்ட்ஸ்டாண்ட் (கை ஊன்றித் தலைகீழாக நிற்பது), பிரிட்ஜ் (பின்னால் வில்லாக வளைவது), கடைசியில் பத்து குதி. எந்த இடத்தில் ஊசி உறுத்துகிறது என்று பிள்ளையிடமே கேளுங்கள். அவள் சொல்கிற இடத்து ஊசியை எடுத்துப் பக்கவாட்டில் மாற்றுங்கள்.

போட்டி முடிந்ததும் அறைக்கு வரும்வரை காத்திருக்காமல் அவிழ்த்துவிடுங்கள். வலை, ஊசி, பின்னல், கடைசியில் குதிரைவால் என்ற வரிசையில் எடுங்கள். ஜெல் காய்ந்த முடியில் சீப்பைப் போட்டு இழுக்காமல், வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டு ஷாம்பு போடுங்கள். இந்த இறுக்கக் கொண்டை போட்டி நாளுக்கும் ஒத்திகைக்கும் மட்டும்தான். தினசரிப் பயிற்சிக்குத் தளர்வாகப் பின்னி மடித்துக் கட்டினால் போதும். தினமும் இறுக்கி இழுத்தால் நெற்றி ஓரத்து முடி வேரோடு போகும். அங்கே முடி மெலிவதோ சின்னச் சின்னக் கொப்புளங்களோ தெரிந்தால், கொண்டை போடுவதை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.