மசாஜ் செய்வதற்கா நாலரை வருஷப் படிப்பு?

அம்மா, உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்டிருந்த கேள்வியைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறேன். மகளுக்கு நீட் கைகொடுக்கவில்லை, பி.பி.டி. என்கிற பிசியோதெரபி பட்டப்படிப்பு கிடைக்கும்போல் இருக்கிறது, உங்கள் மாமனாருக்கு அது பிடிக்கவில்லை. சரி, அந்த வேலையைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

பைக் விபத்தில் தோள்பட்டை நரம்பு அடிபட்டு, கை தொங்கிப்போன ஒரு பையன் வருகிறான் என்று வையுங்கள். பிசியோதெரபிஸ்ட் முதலில் தசையின் பலத்துக்கு மார்க் போடுவார், 0 முதல் 5 வரை. அசைவே இல்லையென்றால் 0. விரல் வைத்துப் பார்த்தால் தசை லேசாகத் துடிக்கிறது, ஆனால் கை நகரவில்லை என்றால் 1. மேசைமேல் வைத்தபடி நகர்த்த முடிந்தால் 2. புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்கிவிட்டால் 3. நாம் அழுத்தும்போதும் தாக்குப்பிடித்தால் 4, முழுப் பலத்தோடு என்றால் 5. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகவே மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை அவன் கையை இவர்தான் தினமும் அசைத்துக் கொடுக்க வேண்டும். இதற்குப் பேர் பேசிவ் எக்சர்சைஸ். விட்டுவிட்டால் மூட்டு இறுகி மடங்கிப்போகும், அதைத்தான் காண்ட்ராக்சர் என்கிறார்கள். அப்புறம் நரம்பு தேறினாலும் கை நிமிராது.

இன்னொரு சாமான் கோனியோமீட்டர். பள்ளிக்கூடக் கோணமானிக்கு இரண்டு கை முளைத்தது மாதிரி இருக்கும். முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அதில் அளப்பார்கள். 90 வந்தால் நாற்காலியில் உட்காரலாம். சம்மணம் போட்டுப் பூக்கட்டுகிற பாட்டிக்கு அது போதுமா? இந்தக் கேள்வி இல்லாமல் மறுவாழ்வுச் சிகிச்சை இல்லை.

அதே கையால் சோறு பிசையவும் சட்டைப் பொத்தான் போடவும் பழக்குவது ஆக்குபேஷனல் தெரபி, அது தனிப் படிப்பு. செயற்கைக் கால், பலமில்லாத காலைத் தாங்கிப் பிடிக்கும் காலிப்பர் இதெல்லாம் செய்வது இன்னொரு படிப்பு. உங்கள் பெண்ணுக்குக் கைவேலையில் ஆர்வம் இருந்தால் அதையும் விசாரியுங்கள்.

பி.பி.டி. இதுவரை நான்கு வருஷம், கூட ஆறு மாதப் பயிற்சி என்று இருந்தது. இந்த மாதிரித் துணை மருத்துவப் படிப்புகளுக்காக 2021-இல் வந்த மத்தியச் சட்டத்துக்குப் பிறகு விதிகள் மாறிவருகின்றன, அதனால் இந்த வருஷத்து விளக்கக் குறிப்பேட்டைப் பார்க்காமல் எந்தக் கல்லூரிக்கும் அட்வான்ஸ் கட்டாதீர்கள். தொடக்கச் சம்பளம் குறைவுதான், அதை மறைக்க மாட்டேன்.

உங்கள் மாமனாரிடம் டாக்டர் மேரி வர்கீஸ் பற்றிச் சொல்லுங்கள். 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவைசிகிச்சை செய்தவர். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு நிலையம் 1966-இல் தொடங்கியது அவரால்தான்.

மகளை ஏதாவது ஒரு பெரிய மருத்துவமனையின் பிசியோ பிரிவில் அனுமதி கேட்டு அரைநாள் உட்காரச் சொல்லுங்கள். வலி தாங்காமல் நோயாளி திட்டுவதையும் அங்கே கேட்பாள். கலந்தாய்வு விண்ணப்பத்துக்கு முன்னால் போய்வந்துவிட்டால் நல்லது.